வேலைக்குத்தான் போகிறார்

புக்கிட் செந்தோசாவில் இருக்கும் என் தங்கை பேத்திக்குப் போன மாதம் வேலை போய்விட்டது. நான் இப்படி எழுதியிருப்பதைப் பார்த்தால் அவள் என்னோடு பேசமாட்டாள். அவள் கணக்கில் வேலை போகவில்லை, 'பிரேக்ல' இருக்கிறாள். அவள் அம்மாவைக் கேட்டால், "கம்பெனி கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுத்திருக்கு" என்கிறாள். அவள் புருஷனோ, "அடுத்து என்ன செய்யலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்காங்க லா" என்கிறான். ஒரு வேலை போனதற்கு அந்த வீட்டில் மூன்று பெயர். அதில் ஒன்றுகூட அதன் சொந்தப் பெயர் இல்லை.

எனக்கு இதெல்லாம் புதிதல்ல. என் உத்தியோகமே அதுதான். தொழிலாளர் இலாகாவில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதவியையே இப்போது எடுத்துவிட்டார்களாம். இலாகாவில் இருக்கும் இளையவர்கள் வீட்டுக்கு வந்து, "ஐயா, அப்படி ஒரு வேலை இருந்துச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க, எழுதிக் குடுங்க" என்றார்கள். பதவிக்கே வேலை போய்விட்டது என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வரவில்லை. "மறுசீரமைப்பு" என்றார்கள்.

மலாயாவில் வெள்ளைக்கார அரசுக்கும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசரகாலம் சூடுபிடித்திருந்த நேரத்தில் கோல சிலாங்கூர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளரின் பின்னால் சில மாதங்கள் நாற்காலி தூக்கிக்கொண்டு நடந்தேன், அதுதான் பயிற்சி. அவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். சாட்சி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று நழுவக்கூடாது. சாட்சி திட்டினால் நீயும் திட்டவேண்டும், ஆனால் முகத்தில் கோபம் காட்டக்கூடாது. சாட்சி அழுதால் அழுகையை மொழிபெயர்க்கத் தேவையில்லை, அது எல்லோருக்கும் புரியும். எதையும் கூட்டாதே, குறைக்காதே. இவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஒரு கிழவி வேலை வாங்கும் மண்டோரைப் பார்த்து வாய் நிறைய வசைபாடும்போது, அதை ஒரு வெள்ளைக்காரரிடம், 'நான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது' என்பது போன்ற முகத்தோடு சொல்லிப் பாருங்கள், தெரியும்.

என் மேலதிகாரி லேபர் துரை, வெள்ளைக்காரர். ரப்பர் தோட்டத்து மக்கள் அவருக்கு வைத்த பெயர் புலவர் துரை. மலாயாவுக்கு வருமுன் சென்னையில் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தவர். அந்தப் பண்டிதர் நல்ல தமிழை மட்டுமே கற்பித்து, மனிதர்கள் பேசுவதைக் கற்பிக்காமல் விட்டுவிட்டார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குள் நுழைந்ததும் துரை குடையை மடக்கிக்கொண்டு, "தாங்கள் அனைவரும் நலமா? உணவு அருந்தினீர்களா?" என்பார். பெண்கள் ஏதோ பூசை ஆரம்பித்துவிட்டதென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிடுவார்கள். அதனால்தான் தமிழ் தெரிந்த துரைக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. அவருடைய தமிழை நான் தமிழில் மொழிபெயர்ப்பேன்.

நல்ல மனிதர். யாரையும் அதட்டமாட்டார். சாட்சியை உட்காரவைத்த பிறகுதான் தான் உட்காருவார். ஜீப்பில் போகும்போதும் குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்திருப்பார். பிடித்த சொல் ஒன்று காதில் விழுந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதை மெல்லுவார். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வருவார். எங்கள் மலாய் டிரைவர் அப்படிக் கேட்டுக் கேட்டே பாதித் தமிழ் கற்றுக்கொண்டார். அதில் பெரும்பகுதி வெளியே சொல்ல முடியாதது.

அந்தக் காலத்தில் மேலிடத்துக்கு ஒரு பயம் இருந்தது. வேலையில்லாமல் திரிகிறவன் காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோவான், இல்லையென்றால் அவனே காட்டுக்குள் போய்விடுவான் என்று. ஆகவே தோட்டம் தோட்டமாகப் போய் யார் யாருக்கு வேலை இல்லை என்று விசாரிக்கச் சொன்னார்கள். போனோம். துரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இவ்விடம் தொழிலற்றவர் எவரேனும் உளரோ?" என்றார். நான் அதை, "வேலை இல்லாம யாராச்சும் இருக்காங்களா?" என்று மாற்றினேன். சுங்கை பெசார் வரை போய்ப் பார்த்தும் ஒருவர்கூட இல்லை. பகல் நேரத்தில் லயத்துக்கு ஐந்தாறு ஆண்கள் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் யாருக்கும் வேலை இல்லாமல் இல்லை.

ஒருவர் 'கையை ஆத்திக்கிட்டு' இருந்தார். ஒருவர் 'வேற தோட்டம் பாத்துக்கிட்டு' இருந்தார். ஒருவர் ஊரிலிருந்து கடிதாசி வரட்டும் என்றிருந்தார். மகனைப் பற்றித் தாய் சொன்னால், 'புள்ள கொஞ்சம் வீட்டோட இருக்கான்'. புருஷனைப் பற்றி மனைவி சொன்னால், 'அவருக்கு உடம்பு சரியில்ல'. அவரே சொல்ல நேர்ந்தால் வானத்தைப் பார்த்து, 'மழையா இருக்குல்ல' என்பார். அன்று சுள்ளென்று வெயில் அடிக்கும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிமார்களும் யாரையும் 'வேலையை விட்டு எடுத்துட்டோம்' என்று சொல்வதில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து, அந்த ஒரு பெயரை மட்டும் படிக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அவ்வளவுதான். அவனுக்குப் 'பேர் படிக்கல'. தெளிவான தமிழில் சொன்னால், சோறு போய்விட்டது.

"சும்மா இருக்காரு" என்று ஓர் அம்மாள் சொன்னபோது துரை கண்ணை மூடிக்கொண்டார். ஞானிகள் ஆயுள் முழுவதும் பாடுபட்டு அடையும் நிலைக்கும், பால்மரம் வெட்டுகிறவன் வேலை போய் அடையும் நிலைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி இது ஒன்றுதான் என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் "சும்மா, சும்மா" என்று ஒத்து ஊதினார்.

இந்தச் சிரிப்பெல்லாம் அங்கமுத்துவின் விவகாரம் வரும்வரைதான்.

தஞ்சோங் காராங் போகிற வழியில், மக்கள் ஆத்துக்கரைத் தோட்டம் என்று அழைத்த ஒரு தோட்டம் இருந்தது. அதில் காட்டை ஒட்டிய ஒரு பகுதியை, காட்டில் இருப்பவர்கள் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்வதற்காக மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அங்கே பால் வெட்டியவர்களில் மற்றவர்களுக்கு வேறு பகுதியில் இடம் கிடைத்தது. அங்கமுத்துவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. "அடுத்த மாசம் ஒன் பேரப் படிக்கிறேன்" என்றார் கிராணி. அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. மனைவி பாக்கியம் களையெடுக்கும் வேலையில் இருந்ததால் லயத்து வீடு தப்பியது.

அங்கமுத்து என்ன செய்தார் என்றால், வழக்கம்போலவே விடியலில் எழுந்து, வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு, மற்ற பால்வெட்டுக்காரர்களோடு முள்கம்பி வேலியின் கேட்டைத் தாண்டிப் போனார். மதியம் திரும்பி வந்து, காலி வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். லயத்துக்கே தெரியும். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரில் வந்தால், "வேலைக்கா?" என்பார்கள். "ஆமா" என்பார். இது மாதக்கணக்கில் நடந்தது.

ஒரு நாள் ரோந்து வந்த போலீசார் அவரைக் காட்டோரத்தில் கத்தியோடு பிடித்துவிட்டார்கள். வேலை செய்பவர்களில் இவர் பெயர் இல்லை. ஆனால் தினமும் வாளியோடு காட்டுப் பக்கம் போகிறார், காலி வாளியோடு வருகிறார். அப்படியானால் வாளியில் என்ன போயிற்று, யாருக்குப் போயிற்று? இன்ஸ்பெக்டர் கெட்டிக்கார மலாய்க்காரர். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சரியான பதில் வராவிட்டால் மறுநாள் காலை லோரியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினாலும் கேட்பாரில்லை. கைக்குழந்தையாக வந்தவர் அங்கமுத்து. அங்கே இறங்கினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியாது. இங்கே பாக்கியமும் இரண்டு பெண்குழந்தைகளும் இருந்தார்கள்.

விசாரணையில் உண்மையைக் கண்டறிய லேபர் துரையையும் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தோம். இந்த ஆள் வேலையில்லாதவர், அந்த வெட்கத்தை மறைக்கத்தான் காலி வாளியோடு போய்வருகிறார் என்று யாராவது ஒருவர் நேராகச் சொன்னால் போதும். இன்ஸ்பெக்டரும் அதைத்தான் கேட்டார்.

முதலில் கிராணி. "இவரை வேலையை விட்டு நீக்கினீர்களா?"

"இல்ல சார். பேர் படிக்கல, அவ்வளவுதான்."

"அப்படியானால் வேலையில் இருக்கிறாரா?"

"பேர் படிக்காதவரு எப்படி சார் வேலையில இருப்பாரு?"

"சரி, வேலையில்லாதவர்."

"சேச்சே! அப்படியெல்லாம் சொல்லக்கூடாது சார்."

அடுத்தது பக்கத்து வீட்டுச் சாமிநாதன். அவர் அங்கமுத்துவின் முகத்தைப் பார்த்தார், நிமிர்ந்து நின்றார். "அண்ணன் வேலைக்குத்தான் போறாருங்க."

"என்ன வேலை? யாரிடம்?"

"அத நாம கேக்கலாமுங்களா?"

அதற்குப் பிறகு பாக்கியம். புருஷனை எப்படியும் காப்பாற்றிவிட வேண்டும் என்று வந்திருந்தாள் பாவம். "எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் தவறமாட்டாருங்க. மழை வந்தாலும் போவாரு. ஊரடங்கு முடிஞ்ச ஒடனே கெளம்பிருவாரு. அப்படி ஒரு உழைப்பாளிய நீங்க இந்தத் தோட்டத்துலயே பாக்க முடியாது!"

கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தப் பெண் வாயைத் திறக்கத் திறக்கத் தன் புருஷனைக் கப்பல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். நானோ அவள் சொன்னதை 'என் கணவர்' என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லி, என் பங்குக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றுபோல் என் வேலையை நான் வெறுத்ததில்லை.

துரை அங்கமுத்துவிடம் குனிந்து கேட்டார். "அஞ்ச வேண்டாம். நீர் தொழிலற்றிருப்பது உண்மைதானே?"

அங்கமுத்து மனைவியைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லயத்தைப் பார்த்தார். "இல்லைங்க தொர. போய்க்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். துரைக்கு முகம் செத்துவிட்டது.

நான் சைக்கிள் நிறுத்தும் இடத்துப் பக்கம் போய் நின்றேன். தோட்டத்து மண்டோர் பின்னாலேயே வந்தார். "என்னாங்க இது, ஒருத்தராச்சும் சொல்லக்கூடாதா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"அவன் மூஞ்சிக்கு நேரா அத எப்படிச் சொல்றது தம்பி? நான் அவனுக்குச் சித்தப்பன் மொறை. சாமிநாதன் பங்காளி. நாங்க சொன்னா அவன் நாண்டுக்கிட்டு நிப்பான். அதச் சொல்றதுக்கு ஒரு மொறை வேணும்ல?" என்றவர், காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "பாக்கியத்துக்குத் தம்பி ஒருத்தன் சுங்கை பெசார்ல இருக்கான். மாணிக்கம்னு பேரு, நெல்லு லோரியில மூட்டை ஏத்துறான். போன பெருநாளுக்கு வந்துட்டு, மச்சானும் மச்சானும் முட்டிக்கிட்டுப் பேச்சுவார்த்தை இல்ல. அவன் சொல்லலாம். மொறைக்காரன்."

ஓடிப்போய்த் துரையிடம் சொன்னேன். "மைத்துனன்!" என்று துரை கண்ணை மூடினார். பண்டிதர் சொல்லிக்கொடுத்த உறவுமுறை எல்லாம் அவருக்கு ஒரே நொடியில் பயன்பட்டது என்று நினைக்கிறேன். இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, பாசிர் பெனம்பாங்கில் நண்டு நன்றாக இருக்கும், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து முடித்துக்கொள்ளலாமே என்றார். இன்ஸ்பெக்டர் மறுக்கவில்லை. நண்டை யாராலும் அவசரமாகச் சாப்பிட முடியாது; துரையின் அரசாங்க வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த முடிவு அதுதான். அவர்கள் போலீஸ் ஜீப்பில் நண்டைப் பார்க்கப் போனார்கள். நானும் டிரைவரும் எங்கள் ஜீப்பில் சுங்கை பெசாருக்குப் பறந்தோம்.

மாணிக்கம் ஒரு நெல் மூட்டையின்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் மச்சான் அங்கமுத்து விஷயமாக வந்திருக்கிறோம் என்றேன்.

"யாரு, அந்த வெட்டிப்பயலா?" என்றார்.

என் உத்தியோகத்தில் ஒரு வசவைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. டிரைவர் அதைக் கையோடு மனப்பாடம் செய்துகொண்டார்.

வழியில் விவரத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பட்டது. முகாம், கப்பல் என்று கேட்டதும் அவர் பீடியை வெளியே எறிந்தார். "அக்கா என்ன செய்யும்? புள்ளைங்க?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். வராந்தாவில் அவரை நிறுத்தி, "உங்கள் மச்சானுக்கு வேலை உண்டா, இல்லையா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, மாணிக்கம் தொண்டையைக் கனைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். "மச்சான் நல்ல மனுசனுங்க. அவரு வந்து... வேலைக்கு..." என்று இழுத்தார். போச்சு! இவரும் மரியாதைக்காரர் ஆகிவிட்டார். துரை குடையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காப்பாற்றியது அங்கமுத்துதான். மைத்துனன் கைகட்டி நிற்பதை அவரால் சகிக்க முடியவில்லை. "என்னா மாப்ள, மூட்டை தூக்குற தொரை நமக்குச் சாட்சி சொல்ல வந்துட்டீங்களா? லோரி ஒங்கள விட்டுட்டுப் போயிறப் போவுது!" என்றார்.

மாணிக்கத்தின் கைக்கட்டு அவிழ்ந்தது. "யாரப் பாத்துச் சொல்ற? நானாச்சும் மூட்டை தூக்குறேன். நீ என்னாத்தத் தூக்குற? காலி வாளிய! சார், இவன் வெட்டிப்பய சார். வேலையத்தவன். எங்க அக்கா புல்லு புடுங்கிப் போடுற தண்டச்சோறு! போன பெருநாளைக்குப் பஸ் ஏறலாம்னு காலையில கெளம்புறேன், இவன் வாளியோட வேற பக்கம் திரும்புறான். எங்கடா போறான்னு பின்னாலயே போனேன். அங்க ஒரு மரம் இல்ல சார், எல்லாம் மொட்டக் கட்டை! இவன் என்னா செய்யிறான் தெரியுமா? ஒவ்வொரு கட்டையா நிக்கிறான். கத்திய இப்படி வச்சு, வெட்டுற மாதிரி கையை இழுக்குறான். அப்புறம் அடுத்த கட்டைக்குப் போறான்! நிரை முழுக்க! சுங்கை பெசார்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கோம் சார்!"

முகத்தை அசைக்காமல் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். தண்டச்சோற்றில் மட்டும் இடறினேன். அபராதமாகப் போடப்படும் சோறு என்று நான் சொல்ல, இன்ஸ்பெக்டர் விழிக்க, துரை குறுக்கே புகுந்து விளக்க ஆரம்பித்துவிட்டார். 'மெங்காங்கூர்', அதாவது வேலையில்லாதவன், என்று இன்ஸ்பெக்டர் மலாயில் சுருக்கமாக முடித்துக்கொண்டார். வேலியோரம் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். மாணிக்கமும் சிரித்தார். கட்டைக்குக் கட்டை கத்தியை வைத்து இழுப்பதைச் செய்துகாட்டியபோது சிரிப்பு ஒவ்வொருவராக நின்றுபோனது. கடைசியில் மாணிக்கத்தின் கை மட்டும் அந்தரத்தில் இருந்தது. அவரும் அதைக் கீழே போட்டுவிட்டார்.

எல்லோரும் அந்த இடத்துக்கு நடந்தோம். அவர் சொன்னது அப்படியே இருந்தது. வரிசை வரிசையாக அடிக்கட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் பால் பிடிக்கும் மங்கு ஒன்று, துடைத்து, சுத்தமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, வேலை முடித்த பால்வெட்டுக்காரன் வைப்பது போலவே. இன்ஸ்பெக்டர் ஒரு மங்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை. அதை இருந்தபடியே திருப்பி வைத்தார்.

"ஏன் இப்படி?" என்று அங்கமுத்துவைக் கேட்டார்.

"வீட்டுல இருந்தா பொண்ணுங்க ரெண்டும், அப்பா ஏன் போகலன்னு கேக்கும்ங்க. அதுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு சொல்லு இல்லைங்க."

நான் மொழிபெயர்த்தேன். 'என் பெண்கள்', 'என்னிடம் ஒரு சொல் இல்லை.' அதில் என் குரல் உடைந்துவிட்டது. 'நான்' என்று சொல்லித்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்ற விதி எவ்வளவு பொல்லாதது என்று அன்றுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்காதவர்போல் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நண்டு கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். லோரி வரவில்லை. துரை தோட்டத்து மேனேஜரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். மறுநாள் பெரட்டில் கிராணி அங்கமுத்துவின் பெயரை, தொண்டை கிழிய, முதல் பெயராகப் படித்தாராம்.

பாக்கியம் மட்டும் தன் தம்பியை மன்னிக்கவில்லை. நாலு பேர் நடுவில் என் புருஷனை அப்படிச் சொல்லிவிட்டானே என்று அடுத்த பெருநாள் வரை சோறு போடவில்லை.

அவசரகாலம் முடிவதற்கு முன்பே நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் இடத்துக்கு நம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அது நியாயம்தான். புலவர் துரைக்கும் முறை வந்தது. அவர் தலை நரைக்கத் தொடங்கிய வயது. அவருடைய ஊரில் அந்தத் தமிழை வைத்துக்கொண்டு யார் வேலை கொடுப்பார்கள்? எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அலுவலகத்தில் தேநீரும் கேக்கும் வைத்து, எல்லோரும் சீதோஷ்ணம் பற்றிப் பேசினோம்.

புறப்படுகிற காலையில் அங்கமுத்து சைக்கிளில் வந்திருந்தார். துரை வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிந்து, வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான குடையோடு படி இறங்கி வந்தார். நாங்கள் படிக்குக் கீழே வரிசையாக நின்றோம். மேலதிகாரியிடம் அதைச் சொல்லும் முறை யாருக்கு இருக்கிறது?

அங்கமுத்துதான் முன்னால் போய்க் கும்பிட்டார். "என்னாங்க தொர, வேலைக்கா?" என்றார்.

துரை ஒரு கணம் கண்ணை மூடினார். திறந்தபோது அது ஈரமாக இருந்தது. பண்டிதர் தமிழை எங்கோ வைத்துவிட்டு, லயத்துத் தமிழில், "ஆமா அங்கமுத்து. வேலைக்குத்தான் போறேன்" என்றார்.

"நல்லதுங்க. நேரமாச்சு, போயிட்டு வாங்க" என்று அங்கமுத்து வழிவிட்டார்.